பயிற்சிக்குக் கட்டணம் கட்டியவர் யார்?

அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பேருந்து நிறுத்தத்தில் என் பழைய மாணவன் ஒருவனைச் சென்ற மாதம் கண்டேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் கெட்டிக்காரன். ஐ.டி.ஐ.யில் பிட்டர் பிரிவை முடித்து, ஒரு தொழிற்கூடத்தில் பயிலுநராகச் சேர்ந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன என்றான். "என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டேன். சிரித்தான். "அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டக் கத்துக்கிட்டேன், சார்!" என்றான்.

"வேறு இடம் பார்க்கக் கூடாதா?"

"சர்டிபிகேட் எல்லாம் அவங்ககிட்ட இருக்கு, சார். பாதியில போனா பயிற்சிச் செலவைக் கட்டணுமாம். 'காசும் கொடுத்து, தொழிலும் சொல்லிக் கொடுக்கிறோம், நன்றி வேண்டாமா'ன்னு சூப்பர்வைசர் கேக்கறார்."

பேருந்து வந்தது. அவன் ஏறிப் போய்விட்டான். அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை; என்னோடு நின்றுவிட்டது.

நன்றி வேண்டாமா? வேண்டும்தான். ஆனால், நன்றி என்பது பெற்றவர் கொடுத்தவருக்குச் செலுத்தும் கடன். கடன் என்றால் கணக்கு உண்டு. கொடுத்தவர் யார், பெற்றவர் யார், கொடுத்தது எவ்வளவு, பெற்றது எவ்வளவு என்று பார்க்க வேண்டாமா? கணக்குக் கேட்காமல் கைகூப்பு என்று கோயில் வாயிலில் சொன்னாலே, ஏன் என்று கேட்கக் கற்றவர்கள் நாம். தொழிற்கூட வாயிலில் சொன்னால் மட்டும் வாய் பொத்தி நிற்கலாமா?

எனவே கணக்கைப் பார்ப்போம். அது இன்று நேற்று எழுதிய கணக்கன்று. பல நூற்றாண்டுகளின் கணக்கு.

தந்தை கட்டிய கட்டணம்

தொழிற்கூடங்கள் தோன்றாத காலத்தில் தொழில் கற்பித்தவர் தந்தை. தச்சன் மகன் தச்சன், கொல்லன் மகன் கொல்லன், நெசவாளி மகன் நெசவாளி. அந்தக் கைகளின் திறமையைக் குறைத்துப் பேச எவராலும் முடியாது. அவர்கள் நெய்த துணி கடல் கடந்தது. அவர்கள் செதுக்கிய கல் காலம் கடந்தது. ஆனால், அந்தப் பயிற்சிக்கு ஒரு வாயில் இருந்தது. அந்த வாயிலுக்கு ஒரே ஒரு திறவுகோல்தான் இருந்தது. அதன் பெயர் பிறப்பு!

கற்பிப்பதற்கு ஆகும் செலவைக் குடும்பம் ஏற்றது. பையன் கெடுத்த நூலும் உடைத்த மரமும் தந்தையின் இழப்பு. பின்னாளில் பையன் உழைத்துத் தந்தது தந்தையின் வருவாய். முதலும் வட்டியும் ஒரே கூரைக்குள் சுழன்றன. ஆகவே, 'கற்றவன் போய்விடுவானோ' என்ற அச்சம் அங்கே எழவில்லை. எங்கே போவான்? போக வழியில்லை! அவன் கற்ற தொழிலை விட்டு வேறு தொழிலுக்குப் போக முடியாது. வேறொருவன் அவன் தொழிலுக்குள் வரவும் முடியாது. கூலிக்கு ஏர் உழுதவனின் மகனும், தோல் பதனிட்டவனின் மகனும் எவ்வளவு கூர்த்த அறிவு படைத்திருந்தாலும், அந்த வாயிலின் வெளியேதான் நின்றார்கள். பெண்களின் கை உழைத்தது. ஆனால், தொழிலாளி என்ற பெயர் அவர்களுக்குக் கிட்டவில்லை.

மேலை நாடுகளிலும் தொழிற்கூட்டங்களின் கட்டுப்பாடு இருந்தது. இங்கிலாந்தில் 1563-ஆம் ஆண்டுச் சட்டம், ஏழாண்டுகள் பழகுநராக இருந்தவரே தொழில் நடத்தலாம் என்று விதித்தது. 1776-இல் வெளிவந்த 'நாடுகளின் செல்வம்' என்ற நூலில் ஆடம் ஸ்மித் அந்த ஏழாண்டைக் கடுமையாகச் சாடினார். பெரும்பாலான தொழில்களைக் கற்க அவ்வளவு காலம் வேண்டியதில்லை. நீண்ட பழகுகாலம் ஆசானுக்குக் கூலியின்றி உழைப்பைத் தேடித் தரும் வழியே என்பது அவர் வாதம். 1814-இல் அந்த விதி நீக்கப்பட்டது. அங்கே அது சட்டத்தின் கட்டு. ஆகவே ஒரு சட்டத்தால் அவிழ்ந்தது. இங்கே அது பிறப்பின் கட்டு; எந்தச் சட்டத்தில் அதை அவிழ்ப்பது?

அவிழ்ப்பது இருக்கட்டும், இறுக்கவே ஒரு முயற்சி நடந்தது. 1953-இல் இராசாசி அவர்களின் அமைச்சரவை, சென்னை மாநிலத்தின் ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் தம் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்று ஒரு திட்டம் கொண்டு வந்தது. மக்கள் அதற்கு வைத்த பெயர் குலக்கல்வித் திட்டம். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1954-இல் காமராசர் முதலமைச்சரான பின் அத்திட்டம் கைவிடப்பட்டது.

பொருளாதாரக் கண்கொண்டு அத்திட்டத்தைப் பாருங்கள். பயிற்சிச் செலவை அரசும் ஏற்கவில்லை, முதலாளியும் ஏற்கவில்லை. ஏழைத் தந்தையின் தலையில் மீண்டும் ஏற்றப்பட்டது. கட்டணமாகக் கேட்கப்பட்டது பணமன்று, பிள்ளையின் பாதிப் படிப்பு!

கும்பினி கட்டிய கட்டணம்

தந்தையல்லாத ஒருவர் தம் தேவைக்காகச் செலவிட்டு வேலையாளைப் பழக்கிய கதை சென்னையில் எப்போது தொடங்கிற்று? பழைய சான்றுகளில் ஒன்று 1794-ஆம் ஆண்டினது. கிழக்கிந்தியக் கும்பினிக்குத் தான் பிடித்த நிலங்களை அளக்க ஆள் வேண்டியிருந்தது. மைக்கேல் டாப்பிங் என்பவரின் முயற்சியால் கோட்டைக்கு அருகே நில அளவைப் பள்ளி ஒன்று எட்டு மாணவர்களுடன் தொடங்கிற்று. ஆதரவற்ற சிறுவர் இல்லத்துப் பிள்ளைகளையே அதில் பழக்கினார்கள். இன்றைய கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வேர் அந்தப் பள்ளிதான்.

ஏன் ஆதரவற்ற பிள்ளைகள்? இரக்கம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால், வாணிகக் கும்பினி இரக்கத்தை மட்டும் முதலாகப் போடுவதில்லை. சீமையிலிருந்து அளவையாளரை வரவழைப்பதைவிட, போக்கிடமில்லாத பிள்ளைகளை ஒப்பந்தத்தில் கட்டி வளர்ப்பது மலிவு. பயிற்றுவித்தவனை விட்டு ஓட மாட்டான் என்ற உறுதியும் அதில் உண்டு.

அந்த உறுதியைத் தேடித்தான் பின்வந்த சட்டங்களும் பிறந்தன. 1850-ஆம் ஆண்டின் பழகுநர் சட்டம், பத்து வயது கடந்த, பதினெட்டு நிரம்பாத பிள்ளைகளை ஏழாண்டு வரை ஓர் எசமானனிடம் ஒப்பந்தத்தில் கட்ட வழி செய்தது. ஏழைப் பிள்ளைகளையும் அனாதைகளையும் மனத்தில் வைத்தே அது எழுதப்பட்டது. 1859-இல் வேலை ஒப்பந்த மீறல் சட்டம் வந்தது. சென்னை உட்பட்ட மாநகரங்களில், முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால், பணத்தைத் திருப்பிக் கொடு அல்லது வேலையை முடித்துக் கொடு என்று நீதிபதி ஆணையிடலாம்; மறுத்தால் மூன்று மாதம் வரை கடுங்காவல்! பணக்காரர் இருவர் ஒப்பந்தம் மீறினால் அது வழக்கு. பாட்டாளி மீறினால் அது குற்றம். அறுபத்தாறு ஆண்டுகள் இந்தச் சட்டம் ஆட்சி செய்தது. 1925-இல்தான் அதை நீக்க வழி பிறந்தது.

மேஸ்திரிக்குக் கட்டிய கட்டணம்

இதற்கிடையே பஞ்சாலைகள் வந்தன. பெரம்பூரில் பக்கிங்காம் ஆலை 1876-இலும், கர்நாடிக் ஆலை 1881-இலும் தோன்றின. நாடெங்கும் பெருகிய ஆலைகள் பலவற்றில் தொழிலாளியைப் பழக்கும் வேலையை முதலாளி தம் கையில் வைத்துக்கொள்ளவில்லை, மேஸ்திரியிடம் விட்டுவிட்டார். ஆள் எடுப்பவர் அவர், வேலை கொடுப்பவர் அவர், நீக்குபவரும் அவர். புதியவன் தன் உறவினன் அருகே நின்று, சம்பளமின்றியோ அரைச் சம்பளத்துக்கோ பார்த்துப் பழகினான். வேலை கிடைக்கவும், கிடைத்த வேலை நிலைக்கவும் மேஸ்திரிக்குக் கையூட்டு அழுதான். விட்லி அவர்களின் தலைமையில் 1929-இல் அமைந்த தொழிலாளர் ஆணையம், 1931-இல் தந்த அறிக்கையில் இந்தக் கையூட்டுக் கொடுமையைப் பதிவு செய்திருக்கிறது.

கட்டணம் கட்டியவர் யார் என்ற கேள்விக்கு இங்கே விடை ஒளிந்திருக்கவில்லை. தொழிலாளியே கட்டினான், கடன் வாங்கிக் கட்டினான். கட்டியது பயிற்சிக்குமன்று, வாயிலில் நின்றவனுக்கு!

குலமில்லாத தொழில்கள்

இனி மேற்கே வருவோம். ஏரியும் வயலும் தோப்புமாகக் கிடந்த நிலப்பரப்பு பதினைந்தே ஆண்டுகளில் புகைபோக்கிகளின் ஊராயிற்று. 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் நிறுவனம் அம்பத்தூரில் எழுந்தது. 1955-இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் குழாய் ஆலை வந்தது. அதே 1955-ஆம் ஆண்டு சனவரியில்தான் ஆவடி காங்கிரசு மாநாடு கூடி, சமதர்மப் பாணிச் சமுதாயமே குறிக்கோள் என்று தீர்மானம் போட்டது. அக்டோபரில் பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 1960 தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன், பிரேக்ஸ் இந்தியா என வரிசையாக வந்தன. 1961-இல் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை நிறுவப்பட்டு, 1965 முதல் விசயந்தா டாங்கிகள் அங்கிருந்து வெளிவந்தன. அந்தப் பத்தாண்டிலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டையும் உருவாயிற்று.

இந்தப் பட்டியலை எதற்காகச் சொல்கிறேன்? ஒரே ஒரு கேள்விக்காக. மிதிவண்டிச் சக்கரம் கோக்கும் சாதி எது? இரயில் பெட்டிக்குப் பற்றவைக்கும் குலம் எது? டாங்கி செய்யும் தொழிலை எந்தத் தந்தை எந்த மகனுக்குப் பழக்கினார்?

எவரும் இல்லை! கடைசல் பொறி முன் எல்லோரும் முதல் தலைமுறை. பட்டாபிராமிலிருந்து வந்தவனும் பூவிருந்தவல்லிக்கு அப்பாலிருந்து வந்தவனும், மைக்ரோமீட்டரை முதன்முதலாகக் கையில் எடுத்தபோது ஒரே அளவு அறியாதவர்களாக நின்றார்கள். நூற்றாண்டுகளாகப் பூட்டிக் கிடந்த வாயில் அருகே, திறவுகோல் தேவைப்படாத புதிய வாயில் ஒன்று திறந்தது. குலக்கல்வித் திட்டம் நீடித்திருந்தால் அந்த வாயிலுக்குள் நுழையும் படிப்பு அந்தப் பிள்ளைகளுக்கு ஏது? வரைபடம் படிக்க எழுத்து வேண்டும். அளவு பார்க்கப் பதின்மம் தெரிய வேண்டும். பள்ளியில் மீட்ட அந்த அரை நாள்தான் பட்டறையில் சோறாயிற்று.

ஆனால், குலம் கற்பிக்காத தொழிலை யாராவது கற்பிக்க வேண்டுமே! செலவை யார் ஏற்பது?

பொருளாதாரப் புதிர்

முதலாளி தரப்பையும் நேர்மையாகக் கேட்போம். பயிற்சி இலவசமன்று. பழகுபவன் கெடுக்கும் இரும்பு, அவனுக்காக நிற்கும் பொறி, கற்பிக்கும் மூத்த தொழிலாளி இழக்கும் நேரம் எல்லாம் செலவு. இவ்வளவு செலவிட்டுப் பழக்கியபின், எதிர்த் தெருவில் உள்ளவர் நூறு ரூபாய் கூட்டிக் கொடுத்து அவனை அழைத்துக்கொண்டால்? பயிற்றியவருக்கு நட்டம், பயிற்றாதவருக்கு ஆதாயம். ஆகவே எல்லோரும் மற்றவர் பயிற்றட்டும் என்று காத்திருப்பார்கள். முடிவில் எவரும் பயிற்ற மாட்டார்கள். பிகு என்ற ஆங்கிலப் பொருளாதார அறிஞர் 1912-இலேயே இந்தச் சிக்கலைச் சுட்டினார்.

பாடியில் தொழிற்கூடங்கள் எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அமெரிக்காவில் இந்தப் புதிரை அவிழ்க்கப் புதிய ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. தியோடர் சூல்ட்சு 1960-இல் ஆற்றிய உரையில், கல்வியும் பயிற்சியும் செலவல்ல, முதலீடு. அந்த முதலுக்கு மனித மூலதனம் என்று பெயர் என்றார். கேரி பெக்கர் 1962-இல் ஒரு கட்டுரையும், 1964-இல் 'மனித மூலதனம்' என்ற நூலும் எழுதினார். இருவருக்கும் பின்னாளில் நோபல் பரிசு கிடைத்தது.

பெக்கர் பயிற்சியை இரண்டாகப் பிரித்தார். ஒரு நிறுவனத்துக்கு மட்டும் பயன்படும் பயிற்சி ஒன்று. எங்கும் பயன்படும் பயிற்சி மற்றொன்று. ஒரு தொழிற்கூடத்துக்கே உரிய பொறியின் நுணுக்கம் முதல் வகை. கடைசலும் பற்றவைப்பும் இரண்டாம் வகை. முதல் வகைக்கு ஆகும் செலவை முதலாளியும் தொழிலாளியும் பகிர்வார்கள். இரண்டாம் வகைக்கு? போட்டி நிறைந்த சந்தையில் அதன் செலவு முழுவதையும் தொழிலாளியே ஏற்கிறான் என்றார் பெக்கர். எப்படி? குறைந்த கூலியின் வழியாக!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் இளைஞன் பயிற்சியின்றி வெளியே வேலை செய்தால் மாதம் 14,000 ரூபாய் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனே பயிலுநராகச் சேர்ந்து 9,000 ரூபாய் பெறுகிறான். மிச்சம் 5,000 ரூபாய் எங்கே போயிற்று? அதுதான் அவன் கட்டும் கட்டணம். பற்றுச்சீட்டு இல்லை, ஆனால் பணம் கட்டப்பட்டுவிட்டது. ஆண்டுக்கு 60,000 ரூபாய்! அந்தத் தொகைக்கு ஈடான பயிற்சி கிடைத்தால் நேரிய பேரம். பெட்டிக்கு டேப் ஒட்டும் வேலைதான் கிடைத்தது என்றால்? கட்டணம் வாங்கிக்கொண்டு பாடம் நடத்தாத பள்ளிக்கு என்ன பெயரோ, அதுதான் அதற்கும் பெயர்.

'மனிதனை மூலதனம் என்று சொல்லலாமா? அவன் என்ன இயந்திரமா?' என்று தோழர்கள் சிலர் சினக்கக் கூடும். சினம் நியாயமானதே. ஆனால், அந்தச் சொல்லை அஞ்சி ஒதுக்காமல் கையில் எடுத்துப் பாருங்கள். இயந்திரத்தை வாங்கியவர் அதற்கு உடையவர். விற்கலாம், அடகு வைக்கலாம். கைத்திறமையை அப்படி எவரும் உடைமையாக்க முடியாது. அது தொழிலாளியின் விரலில் இருக்கிறது. மாலையில் அவனோடு வாயிலைக் கடந்து வீட்டுக்குப் போகிறது. அப்படியானால் மனித மூலதனத்துக்கு முதலாளி யார்? தொழிலாளி! பயிற்சி முடித்தவன் வேறிடம் போவது திருட்டுமன்று, துரோகமுமன்று. தன் முதலைத் தான் எடுத்துச் செல்கிறான், அவ்வளவே.

இதில் ஓர் அவலமும் உண்டு. நிலம் உள்ளவன் நிலத்தை அடகு வைத்துக் கடன் பெறுகிறான். நாளைய திறமையை அடகு வைக்க ஏழை மகனால் முடியாது. குறைந்த உதவித்தொகையில் ஈராண்டு காத்திருக்க வீட்டில் அரிசி இருக்க வேண்டும். அரிசி இல்லாதவன் இன்றே 14,000 கிடைக்கும் மூட்டை வேலைக்குப் போகிறான். என்றும் மூட்டையோடு நின்றுவிடுகிறான். சந்தையே எல்லாவற்றையும் சரி செய்துவிடும் என்பவர்களுக்கு இந்த ஓர் எடுத்துக்காட்டுப் போதும்.

சட்டம் சொன்ன விடை

எல்லோரும் காத்திருந்தால் எவரும் பயிற்ற மாட்டார்கள். ஆகவே எல்லோரையும் பயிற்ற வைப்பது என்பதே சட்டம் கண்ட விடை. 1961-இல் நாடாளுமன்றம் பழகுநர் சட்டத்தை நிறைவேற்றியது; 1962 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. தொழிலாளர் தொகைக்கு ஏற்ற விகிதத்தில் பழகுநரைச் சேர்க்க வேண்டும், பாடத்திட்டப்படி பயிற்ற வேண்டும், உதவித்தொகை தர வேண்டும். 1973-இல் பொறியியல் பட்டதாரிகளும் பட்டயதாரிகளும் இதற்குள் வந்தனர். தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் இடஒதுக்கீடு வந்தது. பிறப்பால் மூடப்பட்ட வாயிலைச் சட்டம் தன் கையால் திறந்து வைத்த இடம் அது.

அச்சட்டத்தில் இளைஞர்கள் அறிய வேண்டியவை சில உண்டு. பயிற்சி முடித்தவருக்கு வேலை தந்தே தீர வேண்டும் என்று அது விதிக்கவில்லை. அவரும் அங்கேயே வேலை செய்யக் கடமைப்பட்டவரல்லர். பயிற்சிக்குப் பின் பணிபுரிய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதினால், தகுந்த வேலை தரும் கடமை நிறுவனத்துக்கும் உண்டு. பழகுநர் தம் தவற்றால் ஒப்பந்தம் முறிந்தால் அவர் தரப்பு பயிற்சிச் செலவைத் தர வேண்டும். நிறுவனத்தின் தவற்றால் முறிந்தால் நிறுவனம் இழப்பீடு தர வேண்டும். செலவுத் தொகையை முடிவு செய்பவர் அரசின் பழகுநர் பயிற்சி ஆலோசகர், சூப்பர்வைசர் அல்லர்! மிகைநேர வேலைக்கும் அந்த ஆலோசகரின் ஒப்புதல் வேண்டும். விபத்து நேர்ந்தால் பழகுநருக்கும் இழப்பீடு உண்டு.

1859-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இதை ஒப்பிடுங்கள். அன்று ஒப்பந்தம் மீறிய தொழிலாளிக்குச் சிறை. 1961-இல் கடமை தவறிய நிறுவனத்தாருக்கும் சிறைத் தண்டனை விதிக்கலாம் என்று எழுதப்பட்டது. ஒரு நூற்றாண்டில் தராசு எவ்வளவு திரும்பிற்று! ஆனால், 2014-இல் வந்த திருத்தம் அந்தச் சிறைப் பிரிவை எடுத்துவிட்டு அபராதத்தோடு நிறுத்திக்கொண்டது. 2016-இல் வந்த தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம், உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, ஒன்றிய அரசு ஏற்க வழி செய்தது. 2019-இல், முப்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ உள்ள நிறுவனங்கள் தம் ஆள்தொகையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநரைச் சேர்க்க வேண்டும் என்று விதி விரிந்தது.

ஆக, செலவு ஏற்போர் பட்டியல் இப்போது தெளிவாகிறது. ஐ.டி.ஐ.க்குச் செலவிட்டது மக்கள் வரிப்பணம். உதவித்தொகையில் ஒரு பங்கும் வரிப்பணம். குறைகூலியின் வழியே கட்டியவன் பயிலுநன். எஞ்சியதை ஏற்றவர் முதலாளி. அவர் பங்கு இல்லை என்று சொல்லவில்லை. அவர் பங்கு மட்டுமே என்று சொல்வதைத்தான் மறுக்கிறோம்.

பெயர் பயிற்சி, பொருள் கூலிக்குறைப்பு

நல்ல சட்டத்துக்கும் ஒரு பொந்து உண்டு. பழகுநர் சட்டப்படி பழகுநர் 'பயில்பவர்', தொழிலாளி அல்லர். தொழிலாளர் சட்டங்கள் பலவும் அவருக்குப் பொருந்தா. உண்மையாகக் கற்பவருக்கு அதில் நியாயம் உண்டு. ஆனால், பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு பொருளை விட்டுவிட்டால்?

1981-இல் தமிழ்நாடு ஒரு சட்டம் செய்தது. இருபத்து நான்கு மாதங்களில் 480 நாள் வேலை செய்தவர் நிலையான தொழிலாளி ஆவார் என்றது அது. ஆண்டுக்கணக்கில் தற்காலிகம் என்று ஏய்க்கப்பட்டவர்களுக்கு அது அரண். அரண் எழுந்தால் சுரங்கம் தோண்டுவோரும் எழுவார்கள் அல்லவா? 'தொழிலாளி' என்றால்தானே 480 நாள்? 'பயிலுநர்' என்று எழுதிவிட்டால்? பழகுநர் சட்டப்படி பதிவும் இல்லை, பாடத்திட்டமும் இல்லை, தேர்வும் இல்லை. அடையாள அட்டையில் மட்டும் 'டிரெய்னி' என்று இருக்கிறது. ஒரு குழு போகிறது, மறு குழு வருகிறது. பொறி ஓடிக்கொண்டே இருக்கிறது. அதை ஓட்டும் கை மட்டும் என்றும் பயிற்சியிலேயே இருக்கிறது! என் மாணவன் சொன்ன கதை இந்த இனத்தைச் சேர்ந்தது.

இது தொழிலாளிக்கு மட்டுமா கேடு? தொழிலுக்கும் கேடு. திறமை ஊறாத ஆலையில் தரம் ஊறாது. பாடி சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் 1998-இல் சப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. தரத்துக்குத் தரப்படும் அத்தகைய பரிசைப் பதினெட்டு மாதத்துக்கொரு முறை ஆளை மாற்றிப் பெற முடியுமா? பழகிய கை இன்றித் தரம் ஏது?

பிற நாட்டார் கண்ட வழி

செருமனியில் பழகுநர் வாரத்தில் சில நாள் தொழிற்கூடத்திலும் ஓரிரு நாள் தொழிற்பள்ளியிலும் கற்கிறார். 1969-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த முறையை நாடு முழுவதற்கும் ஒழுங்குபடுத்தியது. தேர்வை நடத்துவது முதலாளியல்லர். தொழில் வாணிக மன்றங்கள். எங்கும் செல்லும் சான்றிதழ் கிடைக்கிறது. இருந்தும் செருமன் முதலாளிகள் தம் பணத்தைச் செலவிட்டுப் பயிற்றுகிறார்கள். பெக்கர் கணக்குக்கு இது முரண் அல்லவா? 1990களின் இறுதியில் அசெமோக்லு, பிஷ்கே என்ற இரு அறிஞர் இதற்கு விடை கண்டனர். தொழிற்சங்கமும் கூலி விதியும் சேர்ந்து கீழ்மட்டக் கூலியை உயர்த்திப் பிடித்திருக்கும் இடத்தில், திறமையற்றவரை வைத்திருப்பது முதலாளிக்குக் கட்டாது. அவரைத் திறமையாளராக்குவதே ஆதாயம் என்பது அவர்கள் விடையின் ஒரு கூறு.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள் தோழர்களே! 'கூலியைக் குறைத்தால்தான் பயிற்சி தர முடியும்' என்பது நாம் கேட்டுப் பழகிய பாட்டு. கூலிக்கு ஓர் அடித்தளம் இருந்தால் பயிற்சி வளரவும் கூடும் என்பது ஆராய்ச்சி காட்டிய உண்மை.

வேறு சில நாடுகள் வேறு வழி கண்டன. பிரான்சு 1925-லேயே பழகுநர் வரி விதித்தது. சிங்கப்பூர் 1979-இல் முதலாளிகளிடம் திறன் மேம்பாட்டுத் தீர்வை வாங்கி, பயிற்சி தருவோருக்கு அதிலிருந்தே உதவியது. பயிற்றாதவர் செலுத்துகிறார், பயிற்றுபவர் பெறுகிறார். எதிர்த் தெருக்காரர் ஆளை இழுத்துக்கொண்டார் என்ற புலம்பலுக்கு அங்கே இடமில்லை. நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் அடுத்தடுத்து நிற்கும் அம்பத்தூருக்கு இத்தகைய பொது நிதி எவ்வளவு பொருந்தும்! தனியாகப் பயிற்சிக்கூடம் வைக்கச் சிறு பட்டறையால் ஆகாது; பலர் சேர்ந்து வைத்தால் ஆகாதா?

மூன்று கேள்விகள்

அடுத்த ஞாயிறன்று என் மாணவனை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன்; வந்தான். மூன்று கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். ஒன்று: உன் ஒப்பந்தம் பழகுநர் சட்டப்படி பதிவாகியிருக்கிறதா? இரண்டு: பாடத்திட்டம் எங்கே, இந்த மாதம் நீ கற்க வேண்டியது எது? மூன்று: முடிவில் எங்கும் செல்லும் தேர்வும் சான்றிதழும் உண்டா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் பொறுத்திரு. குறைந்த தொகையானாலும் அது உன் முதலீடு. 'இல்லை' என்றால் நீ பயிலுநனல்ல, குறைகூலித் தொழிலாளி. தொழிலாளிக்குரிய உரிமையைத் தொழிலாளர் அலுவலகத்தில் கேள். உன் சான்றிதழ்களோ உன் உடைமை. அவற்றை எழுத்தில் திருப்பிக் கேள்.

அவன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "கேட்டா வேலையை விட்டு அனுப்பிடுவாங்களே, சார்?" என்றான்.

பொய் சொல்ல எனக்கு மனமில்லை. "அனுப்பினாலும் அனுப்புவார்கள்" என்றேன். "ஒருவனாகக் கேட்டால் அனுப்புவது எளிது. உன்னோடு எத்தனை பேர் பெட்டி ஒட்டுகிறார்கள்?"

"முப்பத்தொரு பேர், சார்."

"அப்படியானால் தாளை முப்பத்தோரு படி எடு."

வாயிலுக்கு வெளியே நின்ற தலைமுறை ஒன்று. உள்ளே நுழைந்து பொறியைக் கற்ற தலைமுறை ஒன்று. உள்ளே நுழைந்தும் கற்பிக்கப்படாமல் நிற்கும் தலைமுறை இது. கற்பிக்கப்படாதவன் நன்றி சொல்ல வேண்டியதில்லை. கணக்குக் கேட்க வேண்டும். அவன் கட்டணம் கட்டியிருக்கிறான்.